இருபத்தொரு நாள் கட்டி

வெந்நீர் கை பொறுக்கற சூட்டுல இருந்தாப் போதுமுங்க சார், அம்மிணிகிட்டச் சொல்லிப்போடுங்க. சோப்பு எதுன்னாலும் சரி. மாட்டை அதுக்குள்ள கட்ட வேண்டாம், தண்ணி காயற வரைக்கும் அது பாட்டுக்கு நிக்கட்டும். காத்தால இருந்து கத்துதுன்னுதானே சொன்னீங்க? பின்னால வழும்பு கண்ணாடியாட்டத் தொங்குது, வரும்போதே பாத்தேன். இன்னைக்கு ஒடைச்சு உட்டு சினை ஊசி போட்டாச் சரியாப் போயிரும்.

எதை ஒடைக்கறதா? கட்டியத்தானுங்க. உங்க மாட்டுக்குக் கட்டி இருக்குது. கையப் போட்டுப் பாக்காமலே எப்படிச் சொல்றேன்னுதானே பாக்கறீங்க? மூணு தடவை ஊசி போட்டும் சினை நிக்கலைன்னு போன்ல சொன்னீங்களே, அப்பறம் பாக்கறதுக்கு என்ன இருக்குது? நான் ஊருக்குள்ள சொல்லிட்டேதான் வந்தேன், கட்டி ஒடைக்கப் போறேன்னு.

இந்தா பாருங்க, இந்தக் கை. இடது கை. முப்பத்தோரு வருசமா இதுல ஒரு மூட்டை தூக்குனதில்ல, அருவா புடிச்சதில்ல. கல்யாணத்துல மாமனார் மோதிரம் போட வந்தாரு, வலது கைய நீட்டுனேன். வாரத்துக்கு ரெண்டு தடவை நகம் வெட்டுவேன். எம்பட வீட்டுக்காரி சொல்லுவா, "அந்தக் கையப் பாத்துக்கறதுல பாதி என்னையப் பாத்திருந்தா நான் ஏன் இப்படிக் கெடக்கறேன்"னு. அவளுக்கு மூட்டுவலி. சிரிக்காதீங்க சார், நெசமாலுமே கெடக்கறா.

நீங்க பட்டணத்துல இருந்து வந்து தோட்டம் வாங்குனவரு, வெவரமாச் சொன்னாத்தான் புரியும். மாட்டுக்கு உள்ளார கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சினைப்பை இருக்குது. ஒவ்வொண்ணும் வாதாங்காய் அளவுதான். பின்னால கைய உட்டுத் தடவுனா, குடலுக்கு அந்தப் பக்கம் அது தட்டுப்படும். அதுமேல கட்டி வந்திருந்தா மெத்துன்னு நீர் கோத்துட்டு நிக்கும். அதைக் கட்டைவெரலுக்கும் ரெண்டு வெரலுக்கும் நடுவுல புடிச்சு ஒரு அமுக்கு. டப். அவ்வளவுதான். வெளிய ஆருக்கும் கேக்காது, கைக்கு மட்டுந்தான் தெரியும். ஆனா அந்த டப் இருக்குது பாருங்க சார், சாப்பாட்டை உட்டாலும் அதை உட முடியாதுங்க.

மொத மொத ஒடைச்சது ஒரு பண்ணையக்காரர் மாட்டுக்கு. நாலு நாளைக்கு ஒருக்காக் கத்தும், மத்த மாட்டு மேலெல்லாம் ஏறும், ஒரு வருசமா சினையில்ல. கையப் போட்டேன், எலுமிச்சங்காய் அளவு கட்டி. சும்மா அமுக்கித்தான் பாத்தேன், ஒடைஞ்சுருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஊசி போட்டேன், நின்னுக்கிச்சு. கிடேரிக்கன்னு போட்டுது. அவரு எனக்கு வேட்டி எடுத்துக் குடுத்து ஊரெல்லாம் சொல்லி உட்டுட்டாரு. அன்னையில இருந்து கட்டி ஒடைக்கிற சென்னியப்பன்னா இந்தப் பக்கம் பதினாலு ஊருக்குத் தெரியும்.

அதுக்கப்பறம் ஒரு அதிசயமுங்க. கையப் போட்ட மாட்டுக்கெல்லாம் கட்டி இருந்துச்சு! பருவத்துக்கு வந்து கத்தற மாடு ஒண்ணு பாக்கியில்ல. எலுமிச்சங்காய் அளவெல்லாம் இல்ல, அரைநெல்லிக்காய் அளவுதான். ஆனாக் கட்டின்னா கட்டிதானே? இத்தனை நாளும் இது ஒருத்தன் கைக்கும் தட்டுப்படலைன்னா, அவங்க கை அவ்வளவுதான்னு நெனைச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் ஒடைச்சு உட்டு ஊசி போட்டேன். பத்துக்கு மூணு நிக்கும். அந்த மூணும் என் கைராசி. நிக்காத ஏழும் தீனிக் கோளாறு. மாட்டுக்காரங்க தீனி போடாததுக்கு நான் என்னுங்க பண்ணட்டும்?

கட்டியில பல தினுசு பாத்திருக்கேன் சார். ஆனா பூவாத்தா மாட்டுக்கு வந்த கட்டி மாதிரி இன்னொண்ணு பாத்ததில்ல. நீங்க வெளியூர்க்காரருங்காட்டிச் சொல்றேன். எங்க ஊர்ல அந்தப் பேச்சை எடுத்தா ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க.

பூவாத்தா வேலாங்காட்டுப்புதூரு. புருசன் கெணறு வெட்டப் போன எடத்துல செத்துப் போனான். கொழந்தையில்ல, பொறந்த வீடுன்னும் ஒண்ணு மிச்சமில்ல. கொழுந்தன் தங்கராசு தோட்டத்து மூலையில ஒரு ஓலைச் சாளையக் குடுத்து, ஒரு செவலைக் கிடேரியையும் குடுத்தான். "இதை வச்சுப் பொழைச்சுக்குங்க அண்ணி"ன்னான். மைனான்னு பேரு வச்சு அதை வளத்தா. தலையீத்து ஐப்பசியில. காளைக்கன்னு, அதுவும் நாலு நாள்ல செத்துப்போச்சு. பாலைச் சொசைட்டிக்கு ஊத்துனாத்தான் அவளுக்குச் சோறு. மறுபடி சினை நின்னாத்தான் மறுபடி பால். தங்கராசு வெவரமான ஆளு. தை பொறந்ததும் அவகிட்டச் சொல்லிப்போட்டான், "ஆடிப்பெருக்குக்குள்ள மாடு சினையாச்சுன்னா இருந்துக்குங்க. இல்லீன்னா மாட்டை வித்துத் தள்ளிப்போட்டுச் சாளையக் காலி பண்ணிக் குடுத்துருங்க, நான் அந்த எடத்துல கோழிக்கொட்டாய் போடோணும்"னு. நல்லபடியாத்தான் சொன்னான், சத்தம் கித்தம் போடல.

தை அஞ்சாந்தேதி என்னையக் கூப்பிட்டா. கையப் போட்டேன், வலது பக்கம் கட்டி. ஒடைச்சேன், ஊசி போட்டேன். அவ வாலைப் புடிச்சுட்டு, கன்னத்தை மாட்டு மேல சாய்ச்சுட்டு நிப்பா. கைய எடுத்ததும், "ஆச்சுங்களாண்ணா?"ன்னு கேட்டா. "ஆச்சு அம்மிணி, இனி கன்னுக்குப் பேரு பாத்து வையி"ன்னேன்.

இருபத்தொராம் நாள் திரும்பக் கத்துது. போனேன். கட்டி! அதே அரைநெல்லிக்காய் அளவு. ஒடைச்சேன். அதுல இருந்து இருபத்தொராம் நாள் மறுபடியும் கத்துது, மறுபடியும் கட்டி. எனக்கே ஆச்சரியமாப் போச்சுங்க. மணி அடிச்சாப்புல மொளைச்சுட்டு நிக்குது. பூவாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவ, ஆனா நாள்காட்டி வச்சிருந்தா. மாடு கத்துன அன்னைக்குத் தாளை மட்டும் கிழிச்சுக் கூரையில ஒரு வேலமுள்ளுல குத்தி வச்சிருப்பா. நான் அந்தத் தாளை எல்லாம் எடுத்துப் பாத்தேன். இருபத்தொண்ணு, இருபத்தொண்ணு, இருபத்தொண்ணு. ஒரு நாள் முன்னப்பின்ன இல்ல. "உம்பட மாட்டுக் கட்டிக்கு இருக்கற பிடிவாதம் மனுசனுக்கு வராது அம்மிணி"ன்னேன். அவ பயந்துட்டா. "அண்ணா, எத்தனை தடவை மொளைச்சாலும் ஒடைச்சு உட்டுருங்கண்ணா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. கும்பிட்டுக் கேட்டது அவதானுங்க, நானாப் போய் நிக்கல.

பங்குனியில நாலாந்தடவை. எனக்கும் ஒரு பதில் சொல்லோணுமில்ல? "தீனி பத்தல. பருத்திக்கொட்டை போடு, புண்ணாக்குப் போடு, பச்சைச் சோளத்தட்டு போடு. உள்ளார முட்டையே ஊறல"ன்னேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அவ அதைப் புடிச்சுக்கிட்டா. கண்டவங்க காட்டுல களை வெட்டப் போவா, அந்தக் கூலியில பருத்திக்கொட்டை வாங்குவா. பொழுது எறங்குனதுக்கப்பறம் ஏரிக்கரையில புல்லறுத்துத் தலைச்சுமையா வருவா. ஒரு நேரம்தான் சோறு. ஆனி மாசத்துல பாத்தா மாடு பளபளன்னு இருக்குது, இவ ரவிக்கை தோள்ல நிக்கமாட்டேங்குது. "என்ன அம்மிணி, தீனியை மாத்தி மாத்தித் திங்கறீங்களா ரெண்டு பேரும்?"னு கேட்டேன். நான் தமாசாப் பேசுவனுங்க, எல்லாருக்கும் தெரியும். அவளும் சிரிச்சா.

தண்ணி வந்திருச்சா? குடுங்க அம்மிணி. நல்ல பதமான சூடு. சார், மாட்டைத் தென்னமரத்தோட சேத்துக் கட்டுங்க, முகத்தைக் கொஞ்சம் தூக்கி. வாலை நீங்க புடிச்சுக்குங்க. கையுறையா? அதெல்லாம் வேண்டாமுங்க. உறை போட்டாக் கைக்குக் கண்ணு போயிரும். மொதல்ல சாணிய எடுத்துக்கறேன். மாடு முக்கும், அடங்கட்டும், அவசரமில்ல. அதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிப்போடறேன்.

ஆனி இருபதாந்தேதி சொசைட்டி வாசல்ல மாட்டு முகாம். புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருந்துச்சு. எழில்செல்வியோ என்னமோ பேரு, தேனிப் பக்கம். எம்பட வயசுல பாதி இருக்காது. ஸ்கேன் மெசின் கொண்டாந்திருந்துச்சு, கழுத்துல மாட்டிக்கற மாதிரி ஒரு டிவி. நான் அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தேன். பாத்தா, கூட்டத்துல மைனாவைப் புடிச்சுட்டு பூவாத்தா நிக்கறா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார். எட்டுத் தடவை என் கை அந்த மாட்டுக்குள்ள போயிருக்குது. அதுக்கொரு மரியாதை வேண்டாமா?

டாக்டரம்மா ஸ்கேன் போட்டுது. டிவியில ஒரு கருப்பு வட்டம் தெரிஞ்சுது. நான் பெருமையா முன்னால போனேன். "அதாம்மா கட்டி. நாந்தான் இதைப் பாத்துட்டு இருக்கறேன், எட்டுத் தடவை ஒடைச்சாச்சு, உடாம வருது"ன்னு சொன்னேன்.

அந்தப் புள்ள என்னைய ஒரு மாதிரி பாத்துது. "ஒடைச்சீங்களா?"

"கையாலதான். டப்புன்னு."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

பூவாத்தா மடியில இருந்து அந்த நாள்காட்டித் தாளையெல்லாம் எடுத்துக் குடுத்தா. டாக்டரம்மா ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டுச் சத்தமாவே சொல்லுச்சு. "இருபத்தொரு நாள் தப்பாமப் பருவத்துக்கு வர்ற மாட்டுக்கு எங்கேருந்துங்க கட்டி வரும்? இது முட்டைப்பை. இந்தக் கருப்பு வட்டத்துக்குள்ள ஒரே ஒரு முட்டை இருக்கு. ஒவ்வொரு தடவையும் உள்ளே சின்னச் சின்னதா நிறைய கிளம்பும், ஒண்ணுதான் பெருசா வரும், மத்ததெல்லாம் அடங்கிப் போயிரும். வந்த அந்த ஒண்ணைத்தான் நீங்க நசுக்கியிருக்கீங்க."

கூட்டத்துல இருந்த சொசைட்டி செக்ரட்டரி, குப்பணன்னு பேரு, என் கையால பத்து மாடு பாத்தவரு, அவரு கேக்கறாரு, "ஏப்பா சென்னியப்பா, இத்தனை வருசமா நீ முட்டையவா ஒடைச்சுட்டுத் திரிஞ்சே?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க சார். பால் அளக்கற புள்ள சிரிச்சுது. தங்கராசு சிரிச்சான். முட்டை ஒடைக்கிற சென்னியப்பன்னு எவனோ பின்னால இருந்து சத்தம் போட்டான். மாடு வச்சிருக்காதவனெல்லாம் சிரிச்சான்.

டாக்டரம்மா சிரிக்கல. அது பூவாத்தாகிட்டப் பேசுச்சு. வலது பக்கச் சினைப்பை நசுங்கி நசுங்கி அக்கம்பக்கத்துச் சதையோட ஒட்டிப் போச்சாம், இனி ஆகாதாம். இடது பக்கம் தப்பிச்சிருக்குதாம், இந்தத் தடவை முட்டை அந்தப் பக்கம் வந்திருக்குதாம். "பங்குனியில மாட்டுக்கு என்ன தீனி போட்டீங்க?"ன்னு கேட்டுது. இவ பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, ஏரிக்கரைப் புல்லு எல்லாம் சொன்னா. "ஒரு முட்டை வெளைஞ்சு வர மூணு மாசத்துக்கு மேல ஆகும்க்கா. அப்ப நீங்க போட்ட தீனிதான் இப்ப இந்த முட்டை. நல்ல முட்டை. இதை நீங்கதான் வளத்திருக்கீங்க"ன்னு சொல்லுச்சு.

பூவாத்தா அந்த டிவியத் தொட்டுப் பாத்தா. சேலைத்தலைப்பை வாயில வச்சுட்டு அழுதா. தீனி போடச் சொன்னது ஆரு? நானு. அதை ஒருத்தராச்சும் சொன்னாங்களா? அவளாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?

கடைசியா என்னையக் கூப்பிட்டுது அந்தப் புள்ள. அதுக்கு அடுத்த முகாமுக்குப் போகோணுமாம். ஊசி சாயங்காலம் போட்டாத்தான் சரியா இருக்குமாம், சினை மருந்து எம்பட கேன்லதான் இருக்குது. "ஆறு மணிக்குப் போட்டுருங்க. மருந்தை உட்டுட்டுக் கையை எடுத்துருங்க. சினைப்பையைத் தொடவே தொடாதீங்க. அது நாளைக்குக் காலையில தானா வெடிக்கும். புரிஞ்சுதாங்க?"ன்னு கேட்டுது. அத்தனை பேரு முன்னால. ரெண்டாந்தடவையும் கேட்டுது, "புரிஞ்சுதா?"ன்னு. நான் தலைய ஆட்டுனேன்.

மாடு அடங்கிருச்சு பாருங்க. இப்பக் கை சுலபமாப் போகுது. வாலை உட்டுறாதீங்க சார்.

ஆறு மணிக்குப் போனேன். பூவாத்தா மாட்டைக் குளிப்பாட்டி, நெத்தியில மஞ்சளும் குங்குமமும் வச்சு நிறுத்தியிருந்தா. எனக்குக் காப்பித்தண்ணி குடுத்தா. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு வேற வழி தெரியல"ன்னா. டாக்டரம்மா குடுத்துட்டுப் போன உறைய எடுத்து நீட்டுனா. வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

கோவமெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஊசிய நல்லாத்தான் போட்டேன். போடற எடத்துல போட்டேன், அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. கைய எடுத்திருக்கலாம். எடுக்கத்தான் போனேன். ஆனா முப்பது வருசமாப் பழகுன கை, அது பாட்டுக்கு இடது பக்கம் போச்சு. அங்க இருந்துச்சுங்க. நல்லா வெளைஞ்சு, தோலு மெலிசா, விம்மிட்டு நின்னுச்சு. அந்த மாதிரி ஒண்ணை நான் அதுக்கு முன்னாடித் தொட்டதில்ல, சத்தியமா. தொட்டதும் காத்தாலைக்குச் சிரிச்ச சிரிப்பெல்லாம் காதுல கேட்டுது. கட்டிய வச்சுட்டு ஊசி போட்டு என்ன பிரயோசனம்? வைத்தியம் தெரிஞ்ச கை பாத்துட்டுச் சும்மா வருமா? நீங்களே சொல்லுங்க.

டப்.

"ஆச்சுங்களாண்ணா?"ன்னு கேட்டா. கன்னம் மாட்டு மேலதான் இருந்துச்சு, கண்ணை மூடியிருந்தா.

"ஆச்சு அம்மிணி"ன்னேன்.

ஆடி பத்தாந்தேதி மைனா கத்துச்சு. இருபத்தொரு நாள், கணக்குத் தப்பல. டாக்டரம்மாவே வண்டிய எடுத்துட்டு வந்துச்சு. தங்கராசு இருந்தான், குப்பணன் இருந்தாரு, நானும் இருந்தேன். ஸ்கேன் போட்டுது. ரொம்ப நேரம் டிவியையே பாத்துட்டு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒட்டிப் போச்சுன்னு சொல்லுச்சு, மெதுவாத்தான் சொல்லுச்சு. அப்பறம் திரும்பி என் மொகத்தைப் பாக்கல, என் கையப் பாத்துது. நான் கையச் சட்டைக்குள்ள உட்டுக்கிட்டேன். ஆடிக்காத்து, குளிருமில்ல?

"ஸ்கேன் போட்ட மாடும் நிக்கலையே"ன்னு தங்கராசுதான் ஆரம்பிச்சான். அப்பறம் ஊரே அதைப் பேசுச்சு. குப்பணன் மறுநாளே என்னையக் கூப்பிட்டு, "தப்பா நெனைச்சுக்காதே சென்னியப்பா, நீ வந்து எங்க மாட்டைப் பாரு"ன்னாரு. போனேன். நான் மனசுல வச்சுக்கற ஆளில்ல. அவரு மாட்டுக்கும் கட்டி இருந்துச்சு.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் மைனாவுக்கு அடிமாட்டு வண்டி வந்துச்சு. அதை ஏத்தறதுக்கு ஆள் பத்தலைன்னு நானும் ஒரு கை குடுத்தேன். எங்க பக்கம் மாட்டைக் குடுத்தாலும் கயித்தைக் குடுக்க மாட்டோம் சார். கயிறு இருந்தாத்தான் கட்டுத்தரைக்கு இன்னொரு மாடு வரும்னு சொல்லுவாங்க. பூவாத்தா கழுத்துக் கயித்தை அவுத்துக் கையில சுத்திட்டு நின்னா. வண்டிக்காரன் அவன் கயித்தைப் போட்டுக்கிட்டான். கட்டுத்தரையே அவளுது இல்ல, அந்தக் கயித்தை வச்சு என்ன பண்ணப் போறாளோ? நான் அப்பவே நெனைச்சேன், சொல்லல. மறுநாள் சாளையப் பிரிச்சாங்க.

போன மாசம் அவளை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு ஓட்டல்ல எச்சத்தட்டுக் கழுவறா. என்னையப் பாத்துட்டு ஈரக்கையோட ஓடியாந்தா. எனக்குக் கொஞ்சம் திக்குன்னுதான் இருந்துச்சு, இல்லைங்கல. வந்து என்ன கேட்டாங்கறீங்க? "அண்ணா, அந்த ஸ்கேன் சூட்டுலதான் முட்டை பொரிஞ்சு போச்சுங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க"ன்னு கேட்டா.

"இருக்கும் அம்மிணி"ன்னேன்.

"நீங்க எட்டுத் தடவை பாடுபட்டீங்க. நாந்தான் உங்களை உட்டுப்போட்டு அங்க போனேன். அந்தப் பாவந்தானுங்கண்ணா. மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லி என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இந்தக் கையத்தான். சரி போ அம்மிணி, மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஏறுனேன். மனசுக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

என்னுங் சார், எதுக்கு எங்கையப் புடிக்கறீங்க? மொகம் வெளுத்துப் போச்சு.

வேண்டாமா? ஏனுங்? டாக்டரம்மாவுக்கும் போன் பண்ணியிருக்கீங்களா? அதே புள்ளையா? பதினோரு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்குதா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல சார். கூப்பிட்டா ஒருத்தரைக் கூப்பிடோணும். நானும் வேலை மெனக்கெட்டு வந்திருக்கேன். கையப் புடிச்சு இழுக்காதீங்க. இழுக்காதீங்கன்னா! உள்ளார இருக்கற கைய இழுத்தீங்கன்னாக் குடல் கிழிஞ்சு போயிரும், மாடு உங்களுது. அப்படியே அசையாம நில்லுங்க. அம்மிணி, நீங்க எதுக்கு அழுகறீங்க? ஒண்ணும் ஆகாது.

தெரு முக்குல வண்டிச் சத்தம் கேக்குதா? கேக்கட்டும்.

இந்தா, தட்டுப்படுது. இடது பக்கந்தான். நல்லா வெளைஞ்சிருக்குது. தீனியெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க சார், குத்தம் சொல்ல முடியாது.

ஆச்சுங்க. வாலை உடுங்க. அந்தத் தண்ணிய இப்படிக் கையில ஊத்துங்க.

வாங்க டாக்டரம்மா, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மெசினை வச்சு நீங்களே பாத்துச் சொல்லுங்க, இந்த மாட்டுக்குக் கட்டி இருக்குதா இல்லையான்னு.